காற்று அடித்தும் போகாத வாயு

எங்கோ இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்துக்குள் வீசும் காற்றைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கணினியில் அளப்பவள் நான். பிஎச்.டி.க்குப் பதிந்துவிட்டுக் கல்யாண வீடுகளுக்குப் போக அஞ்சுகிறவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்தான். கல்லூரியில் என் வேலை தற்காலிகம். பட்டம் வந்தால்தான் நிரந்தரம்.

ஆராதனை முடிந்ததும்

கிரேஸ் அத்தை பிடித்துக்கொண்டார். உறவில்லை. கோயிலில் பாதிக் கல்யாணங்களைப் பேசி முடித்தவர் என்பதால் எல்லாருக்கும் அத்தை. எனக்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படி என்னதாம்ட்டி படிக்கே?" என்றார்.

சொன்னேன். விண்மீன் மண்டலத்தின் நடுவில் பெரிய கருந்துளை இருக்கும். அதை நோக்கி விழும் வாயு சூடேறி, அதில் ஒரு பங்கு கடுங்காற்றாக வெளியே அடிக்கும். அந்தக் காற்று மற்ற வாயுவையும் தள்ளிக்கொண்டு போய்விட்டால், புது நட்சத்திரம் பிறக்கச் சரக்கு இருக்காது. அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் பொறக்காம போற கதைய மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விட்டுராத, என்னா?"

நெறியாளர் அறையில்

என் மண்டலத்தில் காற்று பேய்த்தனமாக வீசியது. ஆனால் தட்டுப் போன்ற பகுதியில் குளிர்ந்து அடர்ந்து கிடந்த வாயு கொஞ்சம் கலங்கியதோடு சரி, போகவில்லை. காற்று வாரிக்கொண்டு போகும் என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆராய்ச்சிக்கே பதிந்திருந்தேன். வரைபடத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நெறியாளருக்குத் திட்டத் தெரியாது. வரைபடத்தையே பார்த்தபடி பேசினார்.

"போகலைன்னா போகலைன்னே எழுதும்மா. வெளியூர்லருந்து வாற தேர்வாளர் ஒத்துக்கிடணும், அதான்."

டவுன் பஸ்ஸில்

தேர்வன்று காலை, நிற்க இடமில்லாத பஸ்ஸில், காற்றின் வேகத்தை வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது.

"எம்மா, அதுல கொஞ்சம் இந்த பஸ்ஸுக்குள்ள விடச் சொல்லு, புழுங்கிச் சாவுதோம்."

வாய்மொழித் தேர்வு

நம் ஊரில் வாய்மொழித் தேர்வு பாதிக் கல்யாணம் என்பது உங்களுக்கே தெரியும். பொன்னாடை, மிக்சர், காபி, முதல் வரிசையில் சொந்தக்காரர்கள். கூப்பிடாமலே அத்தையும் வந்திருந்தார்.

தேர்வாளர் நேராகவே கேட்டார், வாயு போகவில்லையா, உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையா என்று. நான் வள்ளியூர்க்காரி. ஆடிக் காற்று ஷட்டர் போட்ட கடைகளை விட்டுவிட்டுச் சந்து வழியாகப் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவள். அதையே சொன்னேன். தட்டில் வாயு அடர்த்தி. மேலும் கீழும் வெறிச்சென்று கிடக்கிறது. காற்று அந்த வழியாகத் தப்பிவிட்டது என்று படங்களைக் காட்டினேன். எல்லா மண்டலத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார் நெறியாளர், சம்பிரதாயத்துக்கு. அத்தை எழுந்தார். "அப்ப அங்கன இன்னும் நட்சத்திரம் பொறக்குமா?"

"பொறக்கும் அத்தை."

பின்வரிசை வரை கேட்டது அவர் குரல்.

"அப்பம் மாப்பிள்ளை வீட்டுல தாராளமா சொல்லலாம்ட்டி!"

பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமாயிற்று. மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று அத்தை அடிக்கிற காற்றிலிருந்து தப்பத்தான் எனக்கு இன்னும் ஒரு சந்து அகப்படவில்லை.