தோலுக்கு நான்கு, வேருக்கு இரண்டு

ஆய்வகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். காய்ந்த எண்ணெய்கூட வேண்டாம், சும்மா பார்த்தாலே வெடிப்பாள். அவளுடைய ஓரகத்திக்கும் அங்கேயேதான் வேலை. வீட்டில் ஒரே அடுப்பு, இங்கே ஒரே மேசை.

காட்டு உருளைக்கிழங்கில் குரோமோசோம் இரண்டு தொகுதி. வயலில் விளைவதில் நான்கு. காட்டுச் செடியை நோய் அண்டாது. அந்தக் குணத்தை வயல் செடிக்குக் கொண்டுவர, முதலில் அதன் தொகுதிகளை இரட்டிக்க வேண்டும். அதற்கான மருந்தில் கடுகு ஊறவைத்த தளிர்களில் பிழைத்தது ஒன்றே ஒன்று. ஒரு வருஷத்து உழைப்பு கண்ணாடிப் புட்டிக்குள் நின்றது.

இலையின் அடித்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இலைத்துளையைக் காக்கும் செல்லில் பச்சை மணிகள் ஏழெட்டு இருந்தால் இரண்டு தொகுதி, பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு. பார்த்த இடமெல்லாம் பதின்மூன்று, பதினான்கு. கடுகு சிரித்தேவிட்டாள்.

ஓரகத்தி அதே செடியின் வேர்நுனியை நசுக்கி, குரோமோசோம்களையே எண்ணினாள். "இரட்டிக்கலையேடி. பழையபடி ரெண்டுதான் இருக்கு."

"வேற புட்டியைத் தூக்கியிருப்பீங்க."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நான் ஜெயிச்சா உங்களுக்குப் பொறுக்காதுக்கா. வந்த நாள்லேருந்து பாக்கறேன்."

"வாயை மூடு. இங்க வந்து நீயே எண்ணு. உன்னுதை நான் பாக்கறேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை மாறவில்லை. செடியின் தோல் மட்டும் இரட்டித்திருந்தது, வேர் கிளம்பும் உள்ளடுக்குகள் பழையபடியே. மகரந்தம் பிறப்பதும் உள்ளேதான். கலப்புக்கு இந்தச் செடி உதவாது.

ஓரகத்தி பொய் சொல்லியிருந்தால் கடுகுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். யாரும் தப்புச் செய்யாததால் கோபத்துக்குப் போக்கிடம் இல்லை, உள்ளேயே கொதித்தது.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். "ஆட்டோகிளேவ்ல அவிச்சுக் கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"அவிக்கணுமாமே! ஊறப்போட்டுக் காவல் கிடந்தது இவரா, நானா?"

பிளேடை எடுத்தாள். இலையைத் துண்டு துண்டாக நறுக்கிப் புதுப் புட்டியில் பதித்தாள். தோலின் செல்லிலிருந்து மட்டும் ஒரு தளிர் கிளம்பினால் அது முழுக்க நான்கு. கிளம்புமா என்று யாராலும் சொல்ல முடியாது.

"முளைச்சா இலை எனக்கு, வேர் உங்களுக்கு."

"அதுவரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருப்பியா?"

"ஆமா."

ஓரகத்தி அடுத்த புட்டியின் வாயைக் கிருமி போகச் சுடரில் காட்டி நீட்டினாள். கடுகு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.