நன்றி சொல்ல மறந்த எம்.எல்.ஏ.

மனுவைக் கையில் வாங்கியதும் எல்லம்மாள் அதை மடித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவதில்லை. கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, கொடுத்தவர் காதில் விழும்படி முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கிறார். "பணிவான வணக்கம்" என்பதைக்கூட விடுவதில்லை. நடுவில் சட்டென்று நிறுத்துகிறார்.

"நைனா, கொல்லைக்குப் போற வழிய மறிச்சிட்டாங்கன்னு தானே சொன்னே? இதுல முதியோர் பென்சன் வோணும்னு எயுதிக்கீது. எது வோணும் உனுக்கு?"

எதிரில் நின்ற புருஷோத்தமன் என்ற பெரியவர் முழித்தார். "பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் எயுதிக் குடுத்தாம்மா. அதுல இன்னா கீதுன்னு நான் இன்னாத்தைக் கண்டேன்?"

"பென்சன் வருதா?"

"அது வருது."

"அப்போ வழிதான் வோணும். நந்தகுமாரு, வேற பேப்பர் எடு."

நந்தகுமார் அவருடைய உதவியாளர். காலையில் ஒன்பது மணிக்குள் இப்படி ஏழெட்டு மனுவாவது புதிதாக எழுத வேண்டியிருக்கும். அவருக்கு அதில் அலுப்புத்தான். ஆனால் அம்மா கேட்கும் தோரணையில் அலுப்பைக் காட்ட முடியாது.

எல்லம்மாளுக்கு ஐம்பத்து நாலு வயது. அவருடைய அம்மா எங்கள் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர். இவரும் எட்டாவது முடித்த கையோடு சேற்றில் இறங்கியவர்தான். பிறகு பால் சொசைட்டியில் பால் சோதிக்கும் வேலை கிடைத்தது. பதினாலு வருஷம் அங்கே இருந்தார். தண்ணீர் கலந்த பாலைக் கருவி வைக்காமலே கண்ணால் சொல்லிவிடுவார். "ஏன் நைனா, மாடு மழைல நனைஞ்சிதா?" என்று மட்டும் கேட்பார். ஊரே சிரிக்கும். அப்படிச் சிரிக்கப்பட்டவர்கள்தான் அவரை முதலில் வார்டு மெம்பராக்கினார்கள், பிறகு பஞ்சாயத்துத் தலைவராக்கினார்கள். நம்மைப் பிடித்தவள் மற்றவர்களையும் பிடிப்பாள் என்று நினைத்திருப்பார்கள். போன தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுத்தது, எம்.எல்.ஏ. ஆனார்.

இப்போதும் சென்னை எம்.எல்.ஏ. விடுதியில் தானே சமைக்கிறார். ஒருமுறை கருவாட்டுக் குழம்பு வைத்தாராம். மாடி முழுக்க மணத்து, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினாராம். "சாப்பாட்டுல இன்னா கட்சி?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இனி எங்கள் கதை. எங்களுடையது கொல்லைமேடு. மொத்தம் அறுபத்து மூன்று ரேஷன் அட்டை. கடையோ ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில் இருக்கிறது. ஐப்பசியில் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்தால் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். தை பிறக்கும்வரை அப்படித்தான். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏழு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எங்கள் தெரு ஷீபா மாசமாக இருந்தபோது அந்த ஓடையில் வழுக்கி விழுந்தாள். அரிசி போனது, குழந்தை பிழைத்தது. கர்த்தர் காப்பாற்றினார் என்றாள் அவள். பெருமாள் என்றோம் நாங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே காப்பாற்றியிருக்கட்டும்.

"வாரத்துல ரெண்டு நாளாச்சும் நம்ம ஊர்லியே கடை போடணும். அசெம்பிளில கேக்கறேன். நீங்களே வந்து பாருங்க" என்றார் எல்லம்மாள். பார்வையாளர் சீட்டு வாங்கி, எங்களில் பதினோரு பெண்களை வேனில் கூட்டிப்போனார்.

அதுதான் சபையில் அவருடைய முதல் பேச்சு. பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். முதலில் கட்சித் தலைவருக்கு நன்றி. அதில் எதுகை மோனையோடு எட்டு வரி. பிறகு மூத்த அமைச்சர்களுக்கு, மாவட்ட அமைச்சருக்கு, பேரவைத் தலைவருக்கு, கூட்டணிக் கட்சிகளுக்கு, வாக்களித்த மக்களுக்கு. அந்தச் சபையில் அதுதான் வழக்கமாம். நன்றி முதலில், கோரிக்கை பிறகு. மாடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள், இதோ வருகிறது, இதோ வருகிறது என்று எங்கள் ஊர்ப் பெயருக்காகக் காத்திருந்தோம். "அடுத்து, என் தொகுதிக்கு உட்பட்ட" என்று ஆரம்பித்தார். மணி அடித்துவிட்டது. மைக்கையும் நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும்போது அவர் காரை முன்னால் அனுப்பிவிட்டு எங்களோடு வேனில் ஏறினார். செங்கல்பட்டு வந்ததும் சொக்கம்மாள்தான் முதலில் பேசினாள். ஒரு காலத்தில் எல்லம்மாளோடு ஒரே வரிசையில் நின்று நடவு நட்டவள், அவளுக்குப் பயம் கிடையாது.

"ஏன்டி எல்லம்மா, ஊர்ல கீறவங்க பேரெல்லாம் சொன்னியே. நம்ம ஊரு பேரு மட்டும் இன்னா, தொண்டைல மாட்டிக்கிச்சா?"

எல்லம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மெய்தாங்க்கா. பெரிய பேஜாராப் பூட்ச்சு" என்றார். அதற்குமேல் சாக்குச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலமும் நாங்கள் ஓடையில்தான் இறங்கினோம்.

அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே பேசிப் பழக ஆரம்பித்தார். மனு கொடுக்கப் போனவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அடுப்பில் காலை நாஷ்டா வெந்துகொண்டிருக்கும். அவர் கரண்டியோடு நின்று பேசுவார், நந்தகுமார் செல்போனில் நேரம் பார்ப்பார்.

"ஒண்ணரை நிமிசம் ஆயிட்ச்சும்மா. இன்னும் கடை வரல."

"அப்போ நன்றியக் கடேசில வெச்சிக்கலாம்."

"வேணாம்மா. கட்சியில தப்பா நெனைப்பாங்க. அடுத்த வாட்டி சீட்டு குடுக்க மாட்டாங்க."

"குடுக்கலன்னா பால் சொசைட்டி கீது, நைனா."

"அங்க வேற ஆளு போட்டுட்டாங்கம்மா."

"நடவு கீது. அதுக்கு யாரும் ஆளு போட்ருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டார். ஆனால் அன்று தோசை கருகிவிட்டதாக நந்தகுமார் சொன்னார்.

இரண்டாம் தடவை வேனில் நாலு பேர்தான் போனோம். "இன்னொரு வாட்டி ஏமாந்துதான் பாக்கலாமே" என்று சொக்கம்மாளும் வந்தாள். மாடத்தில் கை தூக்கக் கூடாது, கும்பிடக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார். புடவைக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டு திருமுக்கூடல் பெருமாளை நினைத்துக்கொண்டேன்.

அமைச்சர் எழுந்து பதில் படித்தார். விதிப்படி அட்டைகளின் எண்ணிக்கை போதாது, ஆகவே கொல்லைமேட்டில் பகுதிநேரக் கடை திறக்க இயலாத நிலை உள்ளது என்றார். அவ்வளவுதான். சொக்கம்மாள் என் முழங்கையை இடித்தாள்.

மேற்கொண்டு கேட்க எல்லம்மாளுக்கு வாய்ப்புக் கொடுத்தார் பேரவைத் தலைவர். எழுந்தார். எல்லம்மாளின் கையில் இந்தத் தடவை காகிதம் இல்லை. எல்லோரும் நன்றிக்காகக் காத்திருந்தார்கள்.

"பேரவைத் தலைவர் அவர்களே, கொல்லைமேடு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரின் பெயர் அந்த மைக்கில் அப்படிக் கணீரென்று கேட்டது.

"அறுபத்து மூணு கார்டு. எண்ணிக்கை கம்மிதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா மூணு மாசம் ஓடையில இடுப்பளவு தண்ணி போவுது. அந்தத் தண்ணி கார்டு எத்தினின்னு எண்ணிப் பாத்துட்டா வருதுங்க?"

சபை சிரித்தது. பேரவைத் தலைவரும் சிரித்துவிட்டார். "உறுப்பினர் நேராகக் கேள்விக்கு வந்துவிட்டார். நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டார்" என்றார்.

"மறக்கலீங்க. கடை தெறந்ததும் சொல்றேன்."

இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் மறுபடியும் எழுந்தார். நீர்வழி குறுக்கிடும் ஊர்களுக்கு விதியைத் தளர்த்த இடமிருக்கிறது, ஆய்வு செய்து ஆவன செய்யப்படும் என்றார். வெளியே தாழ்வாரத்தில் கட்சியின் மூத்தவர் ஒருவர் எல்லம்மாளை நிறுத்தி, "தலைவர் பேரை முதல்ல சொல்லணும்மா, இது கூடத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முகம் மட்டும் வாடவில்லை.

ஆவன என்பது தானாக வந்துவிடாது என்று அவருக்குத் தெரியும். அமைச்சரின் பதில் அச்சான சபைக் குறிப்பை நகல் எடுத்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதிகாரி யாரைப் பார்த்தாலும் அதை எடுத்து, மனு படிக்கிற அதே குரலில் முதல் வரியிலிருந்து படிப்பார். கடைசியில் இவர் பையில் கை விட்டாலே, "ஆயிடும்மா, ஆயிடும்" என்று சொல்லும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். ஓர் இளம் அதிகாரியைக் கார்த்திகை மழையில் ஓடைக்கே கூட்டிவந்தார். "நான் இறங்கறேன் சார், நீங்க கரையிலியே நில்லுங்க" என்றார். அந்தப் பிள்ளைக்கு வெட்கமாகப் போய், பேண்டை மடித்துக்கொண்டு அவரும் இறங்கினார். நடு ஓடையில் அவருடைய செருப்பு ஒன்று போய்விட்டது. பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் கடை.

திறப்புவிழா சமுதாயக் கூடத்தில் நடந்தது. வாழைமரம், சீரியல் விளக்கு, நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். எல்லம்மாள் ரிப்பன் வெட்டி, மைக்கைப் பிடித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தலைவரில் தொடங்கி, செருப்பை விட்ட அதிகாரிவரை ஒருவர் விடாமல் நன்றி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ருசித்துவிட்டது போலிருக்கிறது. நந்தகுமார் இரண்டாவது காகிதத்தை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டார்.

வரிசையில் முதல் ஆளாகச் சொக்கம்மாள் பையோடு நின்றிருந்தாள். எடை போடுகிறவர், பேச்சு முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எல்லம்மா, உலை வெச்சிட்டு வந்துகீறேன்டி" என்றாள் சொக்கம்மாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லம்மாள் பாதி வாக்கியத்தில் நின்றார். மைக்கை நந்தகுமார் கையில் கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கித் தராசுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, சொக்கம்மாளின் பையை வாங்கி, அதன் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.