முந்தானையில் பிழிந்த மாதுளை

எண்பதுகளில் ஒரு நாள் காலை, காரிமங்கலத்தில் இருந்து தருமபுரிக்கு என் ஒன்றரை வயது மகளோடு பஸ் ஏறினேன். அம்மை இறங்கி எழுந்த பிள்ளை எதையும் சாப்பிடவில்லை. "மாதுளம்பழம் குடுங்க, உடம்பு தேறும்" என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சந்தையில் வாங்கிய பழத்தை உடைத்து முத்துகளை ஊட்டிக்கொண்டே வந்தேன். ஆசையாகத் தின்றாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழந்தை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. "ஐயோ, பிள்ளைக்கு மூச்சு வரலையே" என்று கத்தினேன்.

முன் சீட்டில் இருந்த இளம்பெண் அவளை வாங்கி, கை மேல் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினார். முத்து வெளியே விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள். நானும்தான்.

அழுகை அடங்கியதும் அந்தப் பெண் மீதிப் பழத்தைக் கேட்டார். "இந்த வயசுல முத்தா குடுக்காதீங்க. சாறு பிழிஞ்சு, கொஞ்சங் கொஞ்சமா குடுங்க." தன் முந்தானையிலேயே முத்துகளைக் கட்டி, என் பையில் இருந்த டம்ளரில் பிழிந்தார். சந்தன நிறப் புதுச்சேலையில் கறை படர்ந்தது.

"சேலை கெட்டுப்போச்சேங்க."

"பரவாயில்லீங்க. பள்ளிக்கூடத்துல இன்னிக்குத்தான் வேலைக்குச் சேரப் போறேன். கேட்டா சொல்லிக்கிறேன்."

தருமபுரியில் இறங்கியதும் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்து போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கறை படிந்த சேலையோடு முதல் நாள் வகுப்பில் நின்ற அந்த டீச்சரை, பிள்ளைகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.