ராஜமணிக்குப் பிடிக்காத படகுகள்

என் வீட்டுக்காரர் ராஜமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டால் சொல்வேன். குடிக்க மாட்டார், யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். ஆனால் ஒரு பொருள் வாங்க அவரோடு கிளம்பினால் தொலைந்தோம். கல்யாணமான புதிதில் ஒரு மிக்சி வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த ஏழு மாதமும் அம்மியில் அரைத்தது நான்.

தேனியில் கம்பம் ரோட்டில் எங்களுக்குத் தண்ணீர் மோட்டார் கடை. விற்பதும் உண்டு, கருகிப்போனதைப் பிரித்துப் புதுச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுப்பதும் உண்டு. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு என்னை இரண்டு வருஷம் படுத்தி எடுத்தாரே, அதுதான் தாங்கவில்லை.

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ், கார், ஜீப் எதில் ஏறினாலும் வாந்தி. மாத்திரை, எலுமிச்சம்பழம், முன் சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கொடைக்கானல் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. நான் போனது ஒரே ஒரு தடவை, அதிலும் பாதி நேரம் குனிந்தபடி. சொந்தக்காரர்கள் வேளாங்கண்ணி, ஊட்டி, டெல்லி என்று போய்விட்டு வந்து போட்டோ காட்டுவார்கள். முப்பது வருஷம் போட்டோ பார்த்தே போயிற்று.

எங்கள் மகள் ஜெபா வேலைக்குச் சேர்ந்ததும் எங்களை ஆலப்புழைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு படகில் ஏற்றினாள். செத்தேன் என்றுதான் ஏறினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு ஒன்றுமே செய்யவில்லை! மீன் குழம்பு கேட்டு வாங்கி இரண்டாம் தரம் சாப்பிட்டேன். ராஜமணி சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த பதினைந்தாம் நாள், வேம்பநாட்டு ஏரிக்கரையில் முகம்மா என்ற ஊரில் ஒரு பழைய சின்ன மோட்டார் படகை வாங்கிவிட்டார். மிக்சிக்கு ஏழு மாதம் எடுத்த மனுஷன்!

நாலு நாற்காலி, மேலே ஒரு கூரை, அவ்வளவுதான் அந்தப் படகு. படுக்க இடம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. ஏரியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இருட்டும் முன் கரைக்கு வந்து லாட்ஜில் படுப்போம். இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவோம். எனக்கு ஆசை அடங்கவில்லை. படகிலேயே தூங்கி, சமைத்து, பத்து நாள் காயலோடு காயலாகக் கொல்லம் வரை போய்விட்டு வர வேண்டும். ஐம்பத்து நாலு வயசில் ஒரு தடவையாவது தூரமாகப் போக வேண்டும் என்று கேட்டேன், வேறென்ன கேட்டேன்?

“பெருசா ஒண்ணு பாப்போம் லதா” என்றார். பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொன்றுக்கும் நான் கூட வர வேண்டும். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறினதும் எனக்கு ஆரம்பித்துவிடும். குட்டிக்கானம், முண்டக்கயம் என்று வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி, கோட்டயத்தில் இறங்கும்போது நான் பாதி ஆள். அந்தப் பாதி ஆளைக் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவர் ஸ்குரூ டிரைவரோடு படகுக்குள் போவார். அரை மணி கழித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார்.

ஒன்றில் எஞ்சின் இருமுகிறதாம். ஒன்றில் பெயிண்ட் ரொம்பப் புதிதாம், எதையோ மறைக்கிறார்களாம். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. படகுக்காரர் அதிகமாகச் சிரிக்கிறாராம், அதனால் வேண்டாமாம்! எட்டாவது படகு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெரிய மனுஷி முட்டி இடிக்காமல் உட்காரக்கூடிய கழிவறை அதில் இருந்தது.

“ஷாப்ட் லேசா ஆடுது” என்றார்.

“எனக்கும்தான் தலை ஆடுது. என்னயும் வேணாம்னு விட்டுட்டுப் போயிருவீகளா?” என்று கேட்டேன்.

பதினொன்றாவது படகைப் பார்க்கப் போனது போன டிசம்பர் தொடக்கத்தில். வழியில் நான் ரோட்டோரம் குனிந்து நிற்கிறேன், இவர் பக்கத்தில் நின்று போனில் கடை வாடிக்கைக்காரர் பண்ணைப்புரம் ஈஸ்வரபாண்டியை வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். “ஏலே, தண்ணி இல்லாத போர்ல மோட்டாரப் போட்டா கருகாம என்ன செய்யும்? உனக்கு எத்தன தடவடா சொல்றது, கிறுக்குப் பயலே!”

படகு அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகக் கரையில் கட்டைகள் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம், அடுப்பு இருந்தது, கழிவறையும் இருந்தது. இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. ஏணி வைத்து நானும் மேலே ஏறிவிட்டேன். படகுக்காரர் டீ சொல்லப் போன நேரத்தில் ராஜமணி சாவியைத் திருகி எஞ்சினைப் போட்டார்.

“தண்ணிச் சத்தம் இல்லாமக் கேட்டாத்தான் பேரிங் சத்தம் சுத்தமாக் கேக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நன்றாகக் கேட்டார். ரப்பர் கருகுகிற நாற்றம் எனக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு வந்தது.

“ஐயோ சேட்டா, வெள்ளமில்லாதெ ஓடிக்கல்லே!” என்று, தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள் என்பதை மலையாளத்தில் கத்திக்கொண்டு படகுக்காரர் டீ கிளாசோடு ஓடி வந்தார். அந்த எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளுமாம். தரையில் வைத்து ஓட்டினதில் உறிஞ்சுகிற பம்பின் ரப்பர் சக்கரம் சுக்கலாகிவிட்டது. ஈஸ்வரபாண்டியாவது விவசாயி. நாற்பது வருஷம் மோட்டாரோடு குடும்பம் நடத்தின மனுஷன் செய்கிற காரியமா இது? தலையில் அடித்துக்கொண்டேன்.

ராஜமணி முகம் செத்துப்போயிற்று. கீழே இறங்கி நின்றுகொண்டு, “எறங்கு லதா, ஊருக்குப் போவோம். கர்த்தருக்கு இதுல இஷ்டமில்ல போல” என்றார்.

“கர்த்தர் மேல பழியப் போடாதீக. சாவியத் திருகுனது நீங்க.”

“சரி, நான்தான். எறங்கு.”

“எறங்க மாட்டேன். பதினோரு போட்டு! ஒவ்வொண்ணுக்கும் கொடலு வெளிய வர வந்திருக்கேன். வாங்க இஷ்டமில்லன்னா மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல? எதுக்கு என்னய இந்தப் பாடு படுத்துறீக?”

ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ரெண்டு நாளுன்னா ஒனக்கு ஒண்ணும் செய்யல. பத்து நாள் தண்ணிலயே கெடந்து, இதுலயும் ஒனக்கு வாந்தி வந்துருச்சுன்னா? அப்பறம் ஒனக்குன்னு எந்த வண்டி இருக்கு? இருக்குறது இது ஒண்ணுதான். அதயும் நானே கெடுத்துட்டேன்னா என்ன செய்வ?”

எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாமா என்றும் வந்தது. அடப்பாவி மனுஷா, இதைச் சொல்லவா இரண்டு வருஷம்? வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆகாதா?

“இந்தப் போட்டுதான். ரப்பர மாத்துங்க” என்றேன்.

படகை விலை பேசி முடித்து, எர்ணாகுளத்தில் சக்கரம் வாங்கி வந்து அவரே மாட்டினார். பொங்கல் முடிந்ததும் கிளம்பினோம். மூன்று நாள் ராணி மாதிரி இருந்தேன். ஆலப்புழை போயிற்று, தோட்டப்பள்ளி போயிற்று. நாலாம் நாள் காயங்குளம் காயலில் காற்று எடுத்து அலை தூக்கிப் போட்டது. எனக்கு ஆரம்பித்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வாந்தி எடுத்துவிட்டேன்.

எஞ்சின் சத்தம் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால் ராஜமணி என்னைவிட வெளுத்துப்போய் நிற்கிறார். கையில் தண்ணீர்ச் செம்பு.

“திரும்பிருவோமா லதா?”

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். முகத்தைக் கழுவினேன். இரண்டு வருஷமாக அவர் எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

“கொல்லத்துக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?”

“ஒண்ணர நாளு ஆகும்.”

“வாந்திதான வந்துச்சு, உசுரா போச்சு? அதுக்கு எதுக்கு ஆப் பண்ணுனீக? எடுங்க போட்ட.”