நடுக் கட்டத்தில் மூன்று பேர்

காவிரிப் பாலத்தின் மேல், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், யாரோ ஒருவருடைய சில்லறை என் உள்ளங்கையில் இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஏறிய கூட்டத்தில் கண்டக்டரால் நகர முடியவில்லை, பின்படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். முன்னால் இருந்தவர்கள் காசைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்னால் அனுப்பினார்கள். டிக்கெட் அதே கைகள் வழியாக முன்னால் போனது. காசு கொடுத்தவரும் கண்டக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. ஆனாலும் காரியம் நடந்துவிட்டது.

"அவ்வளவுதான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மாள், "சத்திரம் வந்துடுச்சாம்மா?" என்று கூடையைத் தூக்கினார்.

அது தை மாதம். நாங்கள் எம்.பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் கல்லூரியில் கடைசிப் பருவத்தில் மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே நிஜமாகவே இருக்கிற ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, அதற்கு வழி சொல்லி, முடிவில் வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டும். அன்றைக்கு முதலாளிகளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, வேலை முடிந்தது என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு பங்குதாரர்கள் என்றால் இரண்டு பேரும் வர வேண்டும். இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை. இந்த விதியைப் படித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது நினைவிருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பீரோ கம்பெனி. அண்ணன் பெரிய கடை வீதியில் ஷோரூமில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பார். தம்பி அரியமங்கலத்தில் பட்டறையைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றோம். பச்சை கேட்டவர்களுக்குச் சாம்பல் நிறம் போனது. கல்யாணப் பெண் புருஷன் வீட்டுக்குப் போய் மறுவீடும் வந்து திரும்பிய பிறகு, சீர் பீரோ போய் இறங்கியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்கள் படிப்பு தேவைப்படவில்லை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு இடத்திலும் டெலிபோன் இருந்தது. ஒருவர் குரல் கேட்டால் மற்றவர் வைத்துவிடுவார். என்ன சண்டை என்று கேட்டோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்டால் இரண்டு வேறு குடும்பங்களின் சண்டை மாதிரி இருந்தது.

அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நான் ஓடாத குறையாக டீக்கடைக்குப் போனேன். குழுவில் மற்ற இருவரும் அங்கே காத்திருந்தார்கள். ஒருவன் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்; சைக்கிளில் வருவான், கோடு போட்டால் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். இன்னொருவன் மணப்பாறை, பையில் எப்போதும் முறுக்கு, வாயில் எப்போதும் உண்மை.

"அவங்க பேச வேண்டாம்ப்பா. நாம பேசுவோம். காலையில அங்க கேட்டு, மத்தியானம் இங்க சொல்லி, சாயங்காலம் பதிலைக் கொண்டுபோய்க் குடுப்போம்" என்றேன்.

"நாம என்ன தபால்காரங்களா?" என்றான் பொன்மலைக்காரன்.

"ஒருங்கிணைப்புக் குழு" என்றேன். அந்த வார்த்தையே எனக்கு மயக்கமாக இருந்தது.

நன்றாகவே நடந்தது. மாசி முகூர்த்தங்களுக்கு ஒரு பீரோகூடத் தவறவில்லை. பெரியவர் எங்களைப் பார்த்தாலே பன்னீர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் ஒரு பெரிய சார்ட் தாளில் கம்பெனியின் அமைப்பை வரையச் சொன்னேன். இடப்பக்கம் ஒரு கட்டத்தில் பெரியவர், வலப்பக்கம் சின்னவர், நடுவில் எங்கள் கட்டம், இரண்டு பக்கமும் அம்புக்குறிகள். பொன்மலைக்காரன் அந்த நடுக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை போட்டான். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறும்போது என்னைவிடப் புத்திசாலி இந்த ஜில்லாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் நிறமும் அளவும் தேதியும்தான் கொண்டுபோனோம். பிறகு மற்றதும் வரத் தொடங்கியது.

"அந்தத் துரைகிட்ட சொல்லும்மா, கண்ணாடி கோணலா வந்தா நான் வண்டியை விட்டே இறக்க மாட்டேன்னு" என்பார் பெரியவர்.

பட்டறையில் நான் அதை, "கண்ணாடியைக் கொஞ்சம் பார்த்து வைக்கச் சொன்னாங்க சார்" என்பேன்.

"அந்த ஆளு இவ்ளோ மரியாதையாவா பேசுச்சு?" என்று சின்னவர் மணப்பாறைக்காரன் பக்கம் திரும்புவார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

"கோணலா வந்தா இறக்க மாட்டாராம் சார். துரைன்னும் சொன்னாரு."

"அப்படிச் சொல்லுங்க!" சின்னவருக்கு அவனைத்தான் பிடிக்கும்.

ஒரு திங்கட்கிழமை பெரியவர் குரலைத் தாழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் ஒரே மாதா கோயிலுக்குத்தான் போவார்கள். அண்ணன் முன்னால் இடப்பக்க பெஞ்சில், தம்பி பின்னால் வாசல் ஓரம். "நேத்து பூசை முழுக்க இருமிக்கிட்டே இருந்தான். டாக்டரைப் பார்த்தானான்னு கேளும்மா. நான் கேட்டேன்னு சொல்லிடாத. நீயா கேட்கிற மாதிரி கேளு."

நானாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். சின்னவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "பார்த்தாச்சு, மருந்து குடுத்திருக்காருன்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பங்குனியில் வகுப்பில் ஒத்திகை வைத்தார்கள். சார்ட்டை விரித்து மாட்டினோம். எங்களுக்குப் போட்டியாகப் பால் கம்பெனியில் வேலை செய்த குழுவின் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"அந்தச் சிவப்புக் கட்டத்துல இருக்கிறது யாரு?"

"நாங்க மூணு பேரும்."

"பரீட்சை முடிஞ்சு நீங்க போனப்புறம்?"

நான் சார்ட்டின் சுருண்ட மூலையை அழுத்திப் பிடித்தேன். அவனே தொடர்ந்தான்.

"அப்ப அங்கேயே தங்கிடுறீங்களா? பீரோவுல ஆளுக்கு ஒரு தட்டு ஒதுக்கித் தரச் சொல்லுங்க!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டுத்தான், "ரெண்டு முதலாளியையும் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. நாங்கள் வருவதற்கு முன், தப்பு மேல் தப்பு நடந்து, என்றைக்காவது ஒருநாள் அவர்கள் பேசித்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடியாவது இருந்தது. அதை நாங்கள் எவ்வளவு அழகாக நீக்கிவிட்டோம்! நாங்கள் இருக்கும்வரை அவர்கள் பேச வேண்டியதில்லை. பேச வேண்டியதில்லை என்பதால் எங்களை விடப் போவதுமில்லை.

அப்படித்தான் ஆயிற்று. "கடைசி நாள் நெருங்குது சார், நீங்க ஒருதரம் காலேஜுக்கு வந்தா முடிஞ்சுடும்" என்றால் பெரியவர் சிரிப்பார். "என்னம்மா அவசரம்? பங்குனி முடியட்டும்." பங்குனி முடிந்தது. "சித்திரை முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. உன் கல்யாணத்துக்குப் பீரோ என் பொறுப்பு. ரெட்டைக் கதவு, ஆளுயரக் கண்ணாடி. போதுமா?"

போதாது. எனக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை சொல்லியிருந்தார்கள். ஆனி பிறந்ததும் சேர வேண்டும், தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டில் அப்பா கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மெட்ராஸ்ல இருக்கறவா உனக்காகக் காத்துண்டிருப்பாளா என்ன? கிடைச்சா போ. கிடைக்கலேன்னா ஜாதகத்தை எடுத்துடலாம், எல்லாம் பெருமாள் சங்கல்பம்" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே. ஜாதகம் எடுத்தால் வரன், வரன் என்றால் கல்யாணம், கல்யாணம் என்றால் பீரோ. ஆளுயரக் கண்ணாடி கனவில்கூட வந்தது.

ஒருநாள் துணிந்து மூன்று பேருமே போகாமல் இருந்து பார்த்தோம். மறுநாள் காலை கல்லூரி வாசலில் பீரோ வேன் வந்து நின்றது. டிரைவர் வகுப்பு ஜன்னல் வழியாகவே கூப்பிட்டார்: "மூணு பேரையும் ஏத்திக்கிட்டு வரச் சொன்னாரு சின்ன முதலாளி. பெரியவரும் ஷோரூம்ல கத்திக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வாங்க!"

பால் கம்பெனிக் குழு கை தட்டி வழியனுப்பியது. வேனின் பின்னால் இரண்டு பீரோக்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டோம். புது பெயின்ட் வாடை மூச்சை அடைத்தது. பாலக்கரையில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது பொன்மலைக்காரன் பீரோவில் முட்டிக்கொண்டு, "ஒருங்கிணைப்புக் குழு" என்றான், என்னைப் பார்த்து.

"திட்டணும்னா நேரா திட்டு."

"நேரா திட்டுற பழக்கமே போயிடுச்சு. இவன் மூலமா சொல்லி அனுப்புறேன்."

மணப்பாறைக்காரன் முறுக்கை மென்றபடியே, "உன் மூளைக்குத் தீ வைக்கணுமாம்" என்று என்னிடம் சொன்னான். சிரிக்கக் கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.

பட்டறை போய்ச் சேருமுன் ஒன்றைத் தீர்மானித்தோம். வேலையை முடிக்கலாமா என்று இனிக் கேட்பதில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது வந்து உட்கார முடியுமா, என்ன செய்தால் வருவீர்கள் என்று மட்டும் கேட்பது.

சின்னவர் வெகுநேரம் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு பக்கத்துல உட்கார மாட்டேன். நடுவுல நீங்க மூணு பேரும் உட்கார்றதுன்னா வரேன்."

பெரிய கடை வீதிக்குப் போனோம். பெரியவர் விசிறியை நிறுத்தாமல் சொன்னார்: "நடுவுல நீங்க உட்காரணும். அவன் மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாது."

இரண்டு பேரிடமும், "உட்காருறோம் சார்" என்றோம்.

இன்று சனிக்கிழமை. காலையில் கல்லூரிக் கூடத்தில் முன்வரிசையில் ஐந்து நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பொன்மலைக்காரன் நடுவில் இருந்தான். "நான் பேச எழுந்தா நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. நீ எழுந்தா நாங்க இருக்கோம். இடைவெளி விழக் கூடாது" என்றான்.

"மூணு பேரும் சேர்ந்து எழுந்தா?" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தை மாதம் டீக்கடையில் பார்த்த அதே பார்வை இல்லை. இப்போது கொஞ்சம் உஷாராக இருந்தார்கள்.

"பேராசிரியர் முதல்ல என்ன கேட்பாரு?" என்றேன். "ஆர்டர் எடுத்த நாள்லேருந்து பீரோ வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நாள்னு கேட்பாரு. எல்லாக் குழுவுக்கும் அதான் முதல் கேள்வி. பெரியவருக்கு முன்பாதி தெரியும். சின்னவருக்குப் பின்பாதி தெரியும்."

"முழுசாத் தெரிஞ்சது நமக்குத்தான்" என்றான் பொன்மலைக்காரன்.

"நாம சொல்லப் போறதில்ல. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாத்தான் பதில்."

மணப்பாறைக்காரன் மெல்லுவதை நிறுத்தினான். "ரெண்டு பேரும் எழுந்து வெளிய போயிட்டா?"

"எனக்கு மெட்ராஸ் இல்ல."

"எங்களுக்கும் பாஸ் இல்ல" என்றான் பொன்மலைக்காரன். பிறகு ஐந்து நாற்காலிகளையும் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டான்.

அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்களா, செருப்பை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போவார்களா, தெரியவில்லை. நடுவில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம், உட்காருவோம். எவ்வளவு நேரம் என்று அவர்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எங்கள் முறை வந்ததும் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து கரும்பலகைக்குப் போகப் போகிறோம். அந்தக் கேள்வி வந்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்கப் போகிறோம். பெரியவர் என்னைப் பார்த்தாலும், சின்னவர் மணப்பாறைக்காரனைப் பார்த்தாலும் சரி.