ஆறு பேரைச் சுமந்தவள்

கண்ணம்மாளின் வேலை நிற்பது. சர்க்கஸ் கூடாரத்தின் நடுவில் காலை அகட்டி அவள் நின்றால், தொடையிலும் தோளிலும் கால் வைத்து ஐந்து பேர் ஏறுவார்கள். எல்லோருக்கும் மேலே சாமுண்டீஸ்வரி என்கிற ஒல்லிப் பெண் ஏறிக் கைகளை விரிப்பாள். சனங்கள் அவளைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். மேலே நடப்பது எதுவும் கண்ணம்மாளுக்குத் தெரியாது. எந்தக் குதிகால் யாருடையது என்பது மட்டும் தோளுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவர்கள் செஞ்சிக்கு வந்தபோது, தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. அரிசிக்கு ஊரே ரேஷன் கடையில் நின்றது. ராஜகிரி மலைக்குக் கீழே, திருவண்ணாமலை ரோட்டோரம் கூடாரம் போட்டார்கள். குதிரைகளைத் திண்டிவனத்திலேயே விற்றாயிற்று. கிழட்டு ஒட்டகம் ஒன்று வேப்பங்கொழுந்து தின்றபடி வாசலில் நின்றது. அதைப் பார்க்க வந்தவர்கள், பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ரொட்டிக்கும் கஞ்சிக்கும் ரேஷன் கோதுமைதான். மேலே ஏறுகிறவர்கள் எல்லோரும் இளைத்திருந்தார்கள். ஆனாலும் கண்ணம்மாளுக்குப் பாரம் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. இடது முழங்கால் காலையில் எழும்போதே வீங்கியிருக்கும். துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு, மேலே பளபளக்கும் காலுறையை மாட்டிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை பகலாட்டத்தில், சாமுண்டீஸ்வரி உச்சியில் நின்றபோது அந்த முழங்கால் உள்ளே நழுவியது. கண்ணம்மாள் பல்லைக் கடித்தாள்.

"எறங்குங்க," என்றாள் உதடு அசையாமல். "ஒவ்வொருத்தரா. குதிக்காதீங்க."

"இன்னாக்கா ஆச்சு?" மேலிருந்து குரல் வந்தது.

"எறங்கு, சொல்றேன்."

கடைசி ஆள் இறங்கும்வரை தாங்கினாள். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதையும் வேடிக்கை என்று நினைத்து, இருந்த கொஞ்ச சனமும் கைதட்டியது.

முதலாளி உத்திராபதி வந்து பக்கத்தில் குந்தினார். கெட்டவர் இல்லை. அவரும் அதே கோதுமைக் கஞ்சியைத்தான் குடித்தார்.

"அவலூர்பேட்டை சந்தைக்குப் போனா கூட்டம் வரும், கண்ணம்மா. ஒரு வாரம் படுத்துக்க. அப்பறம் நில்லு."

"நிக்க முடியாது, மொதலாளி."

"நீ இல்லன்னா யார் மேல ஏறுவாங்க?"

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. படுத்துத் தூங்கவேண்டும் போலிருந்தது.

கூடாரம் கிளம்பியபோது அவள் ஏறவில்லை. சாமுண்டீஸ்வரி லாரியில் உட்கார்ந்து, ஊர் மறையும்வரை அழுதுகொண்டே போனாள். கண்ணம்மாள் தகரப் பெட்டியோடு கடைத்தெருவுக்கு நடந்தாள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்தாள். நிலக்கடலை வியாபாரி சாந்திராஜ் நயினாரின் மல்லாட்டை மண்டி வாசலில் அவர் மனைவி ராஜமதி நின்றிருந்தாள். அவள் கண்ணம்மாளின் தோள்களைப் பார்த்தாள்.

"மூட்டை தூக்க வந்தியா?"

"இல்லம்மா. உக்காந்து செய்ற வேல ஏதாவது இருந்தா குடுங்க."

ராஜமதிக்குச் சிரிப்பு வந்தது. முழங்காலைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மல்லாட்டை உடைக்கிற பெண்களோடு உட்கார வைத்தாள். சமணர்கள் என்பதால் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கு முன்பே ஒரு தட்டில் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன. அரிசிச் சோறு. கண்ணம்மாள் பாதியிலேயே நிறுத்தி, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்துவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

மண்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறையில் தங்கினாள். கால் ஆறவில்லை, வலி மட்டும் பழகிப்போனது. விரல் நுனிகள் தோலுரிந்து காய்த்தன.

சித்திரையில் சாமுண்டீஸ்வரி தேடி வந்தாள். வந்தவாசியில் சர்க்கஸ் கலைந்துவிட்டதாம். கூடாரத் துணியைக் கிழித்து விற்றுவிட்டு, முதலாளி தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எனக்கு ஒரு வேலையும் தெரியாதே, அக்கா."

"இதுல தெரிய இன்னா இருக்குது? உக்காரு."

சாமுண்டீஸ்வரி உட்கார்ந்தாள். முதல் நாள் பருப்பை எல்லாம் இரண்டாக உடைத்தாள். மேஸ்திரி கத்தினான். கண்ணம்மாள் தன் முறத்திலிருந்த முழுப் பருப்பில் ஒரு கை அள்ளி அவள் முறத்தில் போட்டாள்.

அந்த ஓட்டு அறையில் இரண்டு பேரும் பல வருடம் இருந்தார்கள். சர்க்கஸைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை. ரேஷன் கடை வரிசையில் மட்டும் சாமுண்டீஸ்வரி நிற்பாள். கண்ணம்மாள் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.