மூன்றாம் ஓலை

எலியாவுக்கு எழுபத்தாறு வயது. பாறசாலையில் பெருவழியை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் ஓட்டு வீடும், முப்பது சென்ட் வெற்றிலைக் கொடியும், எதைப் பார்த்தாலும் சலித்துக்கொள்ளும் ஒரு வாயும் அவருக்குச் சொந்தம். கொடியாவது சில கோடைகளில் வாடும். வாய் வாடினதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

சலிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மகாராஜா கையிலிருந்து ஆட்சி போய் ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் திருவனந்தபுரத்தில் எத்தனை மந்திரிசபை வந்து போயிற்று என்று கேட்டால் பள்ளிக்கூடத்து வாத்தியாரே விரல் மடக்கித் திணறுவார். கொடி நட்டு முதல் இலை கிள்ளுவதற்குள் ஒன்று கவிழ்ந்துவிடுகிறது. காலையில் கிருஷ்ணன்குட்டியின் சாயாக்கடையில் உட்கார்ந்து, அவன் மலையாளப் பத்திரிகையை உரக்க வாசிக்கக் கேட்பது எலியாவின் வழக்கம்.

“கிருஷ்ணன்குட்டி, இப்ப இருக்கப்பட்டவன் ஓணம் வரைக்கும் இருப்பானாடே?”

“ஆர்க்கறியாம் மூப்பரே” என்று, யாருக்குத் தெரியும் என்ற பாவனையில் கைவிரிப்பான் அவன். அரசியலில் அதைவிடத் தெளிவான பதிலை அந்தக் காலத்தில் எவரும் சொல்லவில்லை.

இந்த 1954-ஆம் வருஷத்தில் தலைவலி போதாதென்று திருகுவலியும் வந்து சேர்ந்திருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். ஒருநாள் ஊர்வலம், மறுநாள் கடையடைப்பு. கடையடைத்த நாளில் கிள்ளிய வெற்றிலை கூடையிலேயே பழுக்கும். எந்தக் கட்சிக்காரனும் அதற்காக ஒரு தீர்மானம் போடவில்லை என்பது எலியாவின் ஆவலாதி.

வீட்டுக்குள்ளும் நிம்மதி கிடையாது. மகன் தேவகுமார் நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், மேலதிகாரி முன்னால் நின்றால் இரண்டும் வராது. தேவகுமாரின் ஒரே மகள் சுகிர்தபாய்க்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஜெயதாஸ், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படந்தாலுமூட்டில் தையற்காரன். நல்ல கைத்தொழில், சொந்தத்தில் மிஷின், குடி கிடையாது. ஒரே குறை, சட்டைக்கு அளவெடுக்க ஆரம்பித்தால் தமிழ்நாட்டுக்கு எல்லை அளந்துதான் முடிப்பான்.

அவர்களுடைய சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். ஓலையெல்லாம் மலையேறிப் போய் இப்போது நோட்டுப் புத்தகம்தான், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆராதனை நடத்தும் உபதேசியார் ராஜையா எழுந்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று வாசிப்பார். சபை கொஞ்சநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருவரும் எழும்ப மாட்டார்கள். ஆகஸ்டு ஒன்றாம் தேதி முதல் ஓலை ஆயிற்று, எட்டாம் தேதி இரண்டாம் ஓலையும் ஆயிற்று. பதினைந்தாம் தேதி மூன்றாவதையும் வாசித்துவிட்டால் தீர்ந்தது.

பதினொன்றாம் தேதி புதன்கிழமை மார்த்தாண்டத்தில் ஊர்வலம். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் படந்தாலுமூட்டிலிருந்து ஆள் வந்து சொன்னான், ஜெயதாஸைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று.

“உயிரு உண்டுல்லா?” என்று எலியா ஒரு முறை கேட்டார். உண்டு என்று தெரிந்ததும் ஆரம்பித்தார்.

“கல்யாணக் கோட்டுக்கு ஒரு கை இன்னும் தைக்கல்ல. நான் எனக்க கண்ணால பாத்ததாக்கும். கோட்டுக்கு ரெண்டு கை வைக்கத் துப்பில்லாத பய ராஜ்யத்துக்கு அதிரு போடப் போயிருக்கான். ஒரு ஞாயிறு பொறுக்கப்படாதா? மூணாம் ஓலை வாசிச்ச பொறவு போனா போலீஸ்காரன் பிடிக்கமாட்டேன்னா சொல்லுவான்?”

வெள்ளிக்கிழமையும் அதே பாட்டு. சனிக்கிழமையும் அதே பாட்டு. மந்திரிகளுக்கு ஒரு பங்கு, ஊர்வலக்காரர்களுக்கு ஒரு பங்கு, மிச்சமெல்லாம் ஜெயதாஸுக்கு. செத்துப்போனவர்களின் வயதை யாரோ சொன்னபோது மட்டும் அவர் வாயை மூடிக்கொண்டு, கொடிக்குத் தண்ணீர் விட எழுந்து போனார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தேவகுமார் ஒரு கணக்குப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மடித்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீசுல கொடியேத்து. போகாட்டா பேரெழுதுவினும். நீங்க இத உபதேசியாருகிட்ட குடுத்துருங்கப்பா. ஓலைய இப்ப வாசிக்கண்டாம்னு எழுதியிருக்கேன்.”

“இப்பன்னா, பொறவு எப்ப?”

“நிலவரம் தெளியட்டும்.”

“நான் பிறந்து எழுவத்தாறு வருசமாச்சு. எந்த நிலவரமாக்கும் தெளிஞ்சிருக்கு?”

“ஜெயிலுக்குப் போனவனுக்குப் பெண்ணக் குடுத்தா எனக்க வேலைக்குக் கேடாக்கும் அப்பா. நீங்களும் மூணு நாளா அதத்தான சொல்லுதிய.”

எலியா அதைச் சொல்லவே இல்லை. நாற்பத்தைந்து வயதான மகனுக்கு அப்பனைப் பற்றி ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. எலியா தன்னுடையவர்களை மட்டும்தான் திட்டுவார். அடுத்த வீட்டுக்காரனுக்கு அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் கிடைக்காது. அவ்வளவு மெனக்கெட அவருக்கு நேரமில்லை. மூன்று நாளாக ஜெயதாஸைத் திட்டித் தீர்க்கிறார் என்றால், மூன்று நாளாக அவன் அந்த வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம்.

அவர் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஒரு கடிதம் அவருக்கு நினைவு வந்தது. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது அது. தங்கை புஷ்பபாய்க்கு இரண்டு ஓலை வாசித்திருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அண்ணனுக்கும் எலியாவுக்கும் ஒரு முழ வேலிக்காகத் தகராறு. கோபத்தில், வாசிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலி பிறகு கறையான் அரித்துத் தானாகவே விழுந்தது. ஆனால் இரண்டோலையோடு நின்ற பெண்ணை ஊர் விடுமா? ‘என்னமோ உண்டு, இல்லாம நிறுத்துவினுமா’ என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. புஷ்பபாய் முப்பது வருஷம் இதே வீட்டில் வெற்றிலை அடுக்கி, இதே வீட்டில் செத்தாள். அண்ணனை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியாவது அவர் ஆறியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவகுமார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, சுகிர்தபாய் கொடிக்குத் தண்ணீர் கோரிக்கொண்டிருந்த இடத்துக்கு எலியா போனார்.

“மக்கா, உனக்க அப்பன் ஒரு கடுதாசி தந்திருக்கான்.”

“தெரியும் பாட்டா. அம்மை சொன்னா.”

“ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். உனக்கு என்ன அபிப்பிராயம்னு ஒருத்தனும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. இப்பக் கேக்கேன்.”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். “வாசிக்கச் சொல்லுங்க. அவிய எப்ப வந்தாலும் சரி, நான் இருப்பேன்.”

“அவன் ஒரு கிறுக்கனாக்கும்.”

“கிறுக்கு உண்டு” என்றாள் அவள். “நம்ம வீட்டுல கிறுக்கு இல்லாதது ஆரு பாட்டா?”

எலியா உள்ளே போய் வெள்ளை வேட்டியை எடுத்து உடுத்தினார்.

வேதக்கோயில் வாசலில் உபதேசியார் ராஜையா அவருக்காகவே காத்து நின்றார். நல்ல மனிதர், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் மணிகூட அடிக்கமாட்டார்.

“அண்ணே, பையன் லாக்கப்புல இருக்கான்னு கேள்வி. இன்னைக்கு வாசிக்கதா, வேண்டாமா? தேவகுமார் ஒண்ணும் சொல்லல்லியா?”

“அவன் கொடி ஏத்தப் போயிருக்கான்” என்றார் எலியா. “மாப்பிள்ளை கோயிலுக்குள்ள இருந்தாத்தான் ஓலை வாசிக்கணும்னு சட்டம் உண்டா?”

“அப்படிச் சட்டம் இல்ல.”

“பின்ன என்னத்துக்கு வாசல்ல நிக்குதீரு? மணி ஒம்பதாச்சு.”

ஆராதனை தொடங்கியது. முதல் பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. உபதேசியார் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்த நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து தேவகுமார் உள்ளே வந்தார். சட்டையில் குத்திய காகிதக்கொடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தோளில் கிடந்த நேரியல் துண்டின் ஒரு முனை பெஞ்சில் விழுந்தது. எலியா மெல்ல நகர்ந்து அதன் மேல் உட்கார்ந்தார்.

“...படந்தாலுமூடு சபையைச் சேர்ந்த ஜெயதாஸுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த தேவகுமார் மகள் சுகிர்தபாய்க்கும்...”

தேவகுமார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பிரசங்க மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு பக்தியை அந்த முகத்தில் யாரும் முன்பு கண்டதில்லை.

“...இது மூன்றாம் முறை. தடை அறிந்தவர்கள் உண்டானால்...”

தேவகுமார் எழுந்துவிட்டார். நேரியல் தோளிலிருந்து உருவிக்கொண்டு கீழே போயிற்று. உபதேசியார் வாசிப்பதை நிறுத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து எல்லாத் தலையும் திரும்பியது. சொந்த மகளின் ஓலைக்கு அப்பனே எழும்பின காட்சியை அந்தக் கோயில் கண்டதில்லை. சுகிர்தபாய் அழவில்லை, தலையைக் குனியவும் இல்லை, அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகுமாரின் வாய் திறந்தது. தமிழும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை.

“தடையொண்ணும் இல்ல உபதேசியாரே” என்று எலியாவின் குரல் கேட்டது. “அவன் நேரியல எடுக்க எந்திச்சதாக்கும். நீரு வாசியும்.”

எலியா கொஞ்சம் நகர்ந்துகொடுத்தார். தேவகுமார் நின்றார். சொல்ல நினைத்தால் அப்போதும் சொல்லியிருக்கலாம். குனிந்து நேரியலை எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தார். உபதேசியார் மீதியை ஒரே மூச்சில் வாசித்து முடித்து அடுத்த பாட்டுக்குத் தாவினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் பாதித் தூரம் நடந்தார்கள். பிறகு எலியா மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். தேவகுமார் வாங்கி, நாலாகக் கிழித்து வேலிக்குள் போட்டார்.

“அவ என்னையே பாத்தா அப்பா” என்றார்.

“பாப்பா. புஷ்பம் என்னை அப்படிப் பாக்கல்ல. பாத்திருந்தா நானும் நேரியல எடுத்துட்டு உக்காந்திருப்பேன்.”

திங்கட்கிழமை தேவகுமார் அரை உயிராக ஆபீசுக்குப் போனார். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். கல்யாணச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி உண்டா என்று மட்டும் கேட்டார். இதைக் கேட்டதும் எலியாவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஒரு ஆட்டுக்கறிக்காகவா இவன் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தான் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வாரம் கழித்து ஜெயதாஸ் ஜாமீனில் வந்தான். கோட்டுக்கு மறு கையையும் தைத்தான். கல்யாணம் நடந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எலியாவுக்கும் நல்லதாக இருந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் ஒன்றாம் தேதி, படந்தாலுமூடு இருந்த விளவங்கோடு தாலுகா மதராஸுக்குப் போயிற்று. பாறசாலை இருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது களியக்காவிளையில். கிருஷ்ணன்குட்டி பத்திரிகையை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். எலியா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் ஒரு கட்டு வெற்றிலையும் ஒரு ஏத்தன் வாழைக்குலையும் எடுத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனார். அதே வழி, அதே பஸ், அதே குழி. ஜெயதாஸ் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தான்.

“பாட்டா, ஜெயிச்சாச்சு.”

“சந்தோசம் மக்கா. நீ ஜெயிலுக்குப் போனதுக்குப் பலன் உண்டு. எனக்க பேத்தி இப்ப வேற ராஜ்யமாக்கும்.”

ஜெயதாஸின் முகம் சுண்டிவிட்டது. “பாறசாலையையும் சேத்துத்தான் கேட்டோம் பாட்டா. தரல்ல. அதிரு பாக்கக் கமிஷன் வந்து எல்லாரையும் விசாரிச்சுதே.”

“கமிஷன் காருல வந்து காருல போச்சு” என்றார் எலியா. குரல் உயரவில்லை. “ஒரு பெண்ணையும் ஒரு தையல்காரனையும் சேத்து வைக்கதுக்கு மூணு ஞாயிறு, சபைக்க முன்னால, தடை உண்டா தடை உண்டான்னு கேட்டினும். இந்த வழிய ரெண்டா முறிக்கதுக்கு எனக்க முற்றத்துல வந்து ஒரு ஓலையாவது எவனும் வாசிச்சானா? ஒரு தடவை கேட்டிருந்தா நான் எந்திச்சு நின்னிருப்பேன்லா.”

ஜெயதாஸ் பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். சுகிர்தபாய் வந்து வெற்றிலைக் கட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இலை போட்டாள். அவசரத்தில் வைத்த மீன்குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, சோறும் குழைந்துபோயிருந்தது. பாட்டா இப்போது ஆரம்பிப்பார் என்று அவள் கரண்டியோடு காத்து நின்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல், அடுத்த வீட்டில் சாப்பிடுகிறவரைப்போல, இலையைத் துடைத்துச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று வேறு சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.